செப்டிக் டேங்க்: ஓர் இடக்கரடக்கலின் கட்டுமானம்

தமிழ் இலக்கணத்தை அரைகுறையாகப் படித்தவர்களுக்கும் ‘இடக்கரடக்கல்’ நினைவிருக்கும். நன்னூல் கூறும் தகுதி வழக்கு மூன்றில் ஒன்று அது; மங்கலமும் குழூஉக்குறியும் மற்ற இரண்டு. நாலு பேர் நடுவே சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடிச் சொல்வது என்று பொருள். ‘கால் கழுவி வந்தான்’ என்று வகுப்பில் உதாரணம் சொல்வார்கள், பையன்கள் சிரிப்பார்கள், ஆசிரியர் அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவார். இரண்டு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். அந்த இரண்டு மதிப்பெண் கேள்வியைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. சொல்லில் நடக்கும் இந்த மூடல் செங்கலிலும் சிமெண்டிலும் எப்படி நடக்கிறது? போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலே ஏலமலைச் சரிவிலும் புதிதாக எழும்பும் வீடுகளில் எத்தனையில் செப்டிக் டேங்க் இருக்கிறது என்று ஒரு கணக்கு கிடைக்குமா எனத் தேடப்போய்த்தான் இந்தக் கேள்விக்குள் வந்து விழுந்தேன்.

முதலில் சொற்கள். வெளிக்குப் போவது, கொல்லைக்குப் போவது, காட்டுக்குப் போவது, ஒதுங்குவது. எல்லாமே திசையைக் குறிக்கிற சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். செயலைச் சொல்லாமல், வீட்டிலிருந்து விலகுவதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ‘கக்கூஸ்’ டச்சுக்காரன் விட்டுப்போன சொல். அது வந்தபோது இடம் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் எடுப்புக் கக்கூஸில் விலகல் தொடர்ந்தது. விலக்க ஒரு ஆள் வைக்கப்பட்டார். அந்த ஆள் எந்தச் சாதி என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி ஊர் அமைந்திருந்தது. தகழி 1947இல் எழுதிய, பின்னால் சுந்தர ராமசாமி தமிழுக்குக் கொண்டுவந்த ‘தோட்டியின் மகன்’ அந்த ஆளின் கதைதான். செப்டிக் டேங்க் வந்தபோது அந்த ஆள் மறைந்துவிட்டார் என்று நடுத்தர வர்க்கம் நம்பத் தொடங்கியது. அவர் மறையவில்லை, தினமும் காலையில் வந்தவர் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவராக ஒத்திப்போடப்பட்டார். இந்த ஒத்திப்போடலே டேங்கின் உண்மையான உள்ளடக்கம் என்று எனக்குப் படுகிறது.

டேங்க் என்பது என்ன? 1860 வாக்கில் பிரான்சில் மூராஸ் என்பவர் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டி, 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரூன் கட்டியதற்குத்தான் ‘செப்டிக்’ என்று பெயர் வந்தது. அழுகல் என்று பொருள்படும் கிரேக்க வேர்ச்சொல். ஐரோப்பியன் இடக்கரடக்காமல் ‘அழுகல் தொட்டி’ என்றே சொன்னான். நாம் அதை மொழிபெயர்க்காமல் வைத்துக்கொண்டதே ஒரு அடக்கல்தான். உள்ளே நடப்பது எளிமையானது. கனமானது அடியில் தங்கிக் கசடாகும், எண்ணெயும் லேசானதும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவிலிருக்கும் நீர் மட்டும் ‘டி’ வடிவக் குழாய் வழியாக வெளியேறும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மீதி தங்கும். வெளியேறும் நீரும் சுத்தமான நீரல்ல, நோய்க்கிருமிகளோடுதான் வருகிறது. அதை உறிஞ்சுகுழிக்கு விட்டு மண்ணை வடிகட்ட வைக்க வேண்டும். ஆக டேங்க் என்பது மூன்று சேர்ந்தது: தண்ணீர் இறங்காத அடித்தளமுள்ள தொட்டி, அதன்பின் ஒரு உறிஞ்சுகுழி, குறித்த காலத்தில் கசடை அள்ளுதல்.

மூன்றாவதை நான் வலிந்து சேர்க்கவில்லை. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2470, 1985ஆம் ஆண்டுப் பதிப்பில், தொட்டியின் அளவுகளே சுத்தம் செய்யும் கால இடைவெளியை வைத்துத்தான் தரப்பட்டுள்ளன. ஐந்து பேருக்கு, ஆண்டுக்கொருமுறை கசடு எடுத்தால், ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம் போதும். ஆயிரத்து நூறு லிட்டர் சொச்சம். அள்ளுதல் இல்லையென்றால் அந்த அட்டவணையில் தொட்டிக்கு அளவே இல்லை.

போடியில் கட்டப்படுவது வேறு. ஏலக்காய் விலை ஏறுகிற வருடங்களில் இங்கே வீடுகள் எழும்பும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7000 ரூபாயைத் தொட்டதே, அந்த மாதிரி வருடங்கள். 2023 ஜூனில் அகல ரயில் போடிவரை வந்தபிறகு ‘நிலையத்துக்கு மிக அருகில்’ என்ற மனைப் பலகைகளும் பெருகிவிட்டன. அத்தகைய மனை ஒன்றில் குழி தோண்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் அளவு கேட்டேன். பத்துக்கு ஆறு, எட்டடி ஆழம் என்றார். கணக்குப் போட்டால் பதின்மூவாயிரம் லிட்டருக்கு மேல். அதாவது தர நிறுவனத்தின் ஐந்து பேர் தொட்டியைப்போல் பன்னிரண்டு மடங்கு. அடியில் கான்கிரீட் போடுவீர்களா என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அடியில தளம் போட்டா சீக்கிரம் நெறஞ்சிரும் தம்பி. மண்ணு தெரிய விட்டாத்தான் தண்ணி எறங்கும். இருவது வருசத்துக்குக் கைவைக்க வேணாம்.”

அவர் ஏமாற்றவில்லை. வீட்டுக்காரர் கேட்டதைச் செய்கிறார். ‘எங்க டேங்க் கட்டி இருபத்தஞ்சு வருசமாச்சு, ஒரு தடவகூட நெறஞ்சதில்ல’ என்று பெருமையாகச் சொல்லாத குடும்பத்தை இந்தப் பக்கம் காண்பது அரிது. அது நிறையவில்லை என்றால் அது தொட்டியில்லை. மண்ணுக்குள் கசிந்துகொண்டிருக்கும் ஒரு பள்ளம். பள்ளத்துக்குத் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. குழி, உறை இறக்கிய குழி. ஆனால் வீட்டுக்காரர், கொத்தனார், பொறியாளர், வங்கிக்கடன் மதிப்பீட்டாளர் எல்லோரும் ‘செப்டிக் டேங்க்’ என்கிறார்கள். குறிப்பான் ஊரெங்கும் பரவிவிட்டது, குறிப்பீடு எங்கேயும் கட்டப்படவில்லை என்று அமைப்பியல் பாஷையில் சொல்லலாம்.

இப்போது கணக்கெடுப்புக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கழிப்பறையின் கழிவு எங்கே போகிறது என்று கேட்டார்கள். பாதாளச் சாக்கடை, செப்டிக் டேங்க், குழி என்று வகைகள். இந்தியக் குடும்பங்களில் 22.2 சதவீதம் செப்டிக் டேங்க், 11.9 சதவீதம் குழாய்ச் சாக்கடை என்று விடை வந்தது. தமிழ்நாட்டில் வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்த குடும்பங்களே 48.3 சதவீதம்தான். இந்த எண்களை ஆய்வேடுகள் எடுத்தாள்கின்றன, திட்டங்கள் எடுத்தாள்கின்றன. ஆனால் இந்தப் புள்ளிவிவரம் உருவாகும் கணத்தை யோசித்துப் பாருங்கள். கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவர் வாசலில் நின்று கேட்கிறார், வீட்டுக்காரம்மா ‘டேங்குதான் சார்’ என்கிறார், ஒரு எண் விழுகிறது. மூடியைத் திறந்து பார்ப்பது அவர் வேலையில்லை, பார்த்தாலும் அடித்தளம் தெரியாது. எனவே 22.2 சதவீதம் என்பது தொட்டிகளின் எண்ணிக்கையாகாது, அச்சொல்லை உச்சரித்த குடும்பங்களின் எண்ணிக்கை. ‘குழி’ என்று சொல்லக் கூச்சமாயிருக்கிறது. ‘டேங்க்’ என்றால் கௌரவம். நன்னூலாருக்கு இது புதிதல்ல.

அமெரிக்காவில் இதையே வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். அங்கே 1990 கணக்கெடுப்பில் ‘செப்டிக் டேங்க் அல்லது கழிவுக்குழி’ என்று இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டார்கள். நூற்றுக்கு இருபத்துநாலு வீடு அதில் வந்தது. வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாது என்பதை அந்தப் படிவம் நேர்மையாக ஒத்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 2000இல் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். புதிதாகக் கட்டும் வீடுகளைப் பற்றிய தனி ஆய்வில், கட்டுகிறவரைக் கேட்டு இப்போது கணக்கு வைக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் புதிய தனி வீடுகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்றுக்குச் சொந்த டேங்க். நமக்கு அப்படிக் கட்டும்போதே கணக்கு வைக்கும் ஏற்பாடு ஏதாவது உண்டா?

உண்டு, வரைபட அனுமதி. சாக்கடை இணைப்பு இல்லாத மனைக்கு அனுமதி கேட்டால் வரைபடத்தில் செப்டிக் டேங்க் காட்டப்பட வேண்டும். மனையின் ஒரு ஓரத்தில் சிறிய செவ்வகம், பக்கத்தில் ஒரு வட்டம். எல்லா வரைபடங்களிலும் ஒரே செவ்வகம், ஒரே வட்டம். ஒரு பிரதியிலிருந்து இன்னொரு பிரதிக்கு நகலெடுக்கப்பட்டுக்கொண்டே போகிற மேற்கோள். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3500 சதுர அடிவரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழி உடனடி அனுமதி கிடைக்கிறது. லஞ்சம் குறையும் என்றார்கள், குறைந்தால் நல்லதுதான். ஆனால் செவ்வகம் குழியாகிவிட்டதா என்று பிறகு யார் போய்ப் பார்ப்பது? சிறு குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்று வேண்டியதில்லை என்று 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளிலேயே இருக்கிறது. அரசு வரைபடத்தை வாசிக்கிறது. வீட்டை வாசிப்பதில்லை.

உண்மையில் இந்தச் செவ்வகத்தை அக்கறையோடு வாசிக்கிற ஒரே ஆள் வாஸ்துக்காரர். ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், கிணறும் போரும். டேங்க் வாயு மூலையில், வடமேற்கில். இரண்டும் மாறக்கூடாது. போடியில் ஒரு தெரு முழுக்க இப்படியே கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து காகிதத்தில் வரைந்து பார்த்தேன். என் மனையின் வடமேற்கு மூலை எங்கே முடிகிறதோ அங்கேதான் மேற்கு வீட்டுக்காரரின் வடகிழக்கு மூலை தொடங்குகிறது. என் டேங்கும் அவருடைய போரும் ஒரே சுற்றுச்சுவரின் இரண்டு பக்கம். எல்லோரும் சாஸ்திரப்படி கட்டினால் தெருவில் ஒவ்வொரு போருக்கும் பக்கத்தில் கிழக்கு வீட்டு டேங்க் இருந்தே தீரும். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470. அதாவது 59 அடி. மூன்று சென்ட் மனை முப்பதுக்கு நாற்பத்திமூன்று என்று வைத்துக்கொண்டால் மூலைக்கு மூலை அளந்தாலும் ஐம்பத்திமூன்று அடி தேறாது. வாஸ்துவைக் கேலி செய்வது சுலபம், பகுத்தறிவு இதழ்கள் நிறையச் செய்துவிட்டன. விதியைப் படித்தவர்களும் மூன்று சென்டில் அதைக் கடைப்பிடிக்க முடியாது என்பதுதான் இங்கே விஷயம். சென்ட் கணக்கில் மனை விற்கும் சந்தைக்கு வாஸ்துக்காரரும் ஐ.எஸ். புத்தகமும் சமதூரத்தில்தான் நிற்கிறார்கள்.

மேலே ஏறினால் நிலைமை வேறு. போடிக்குக் குடிநீர் தரும் கொட்டகுடி ஆறு குரங்கணிப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. சரிவில் மண் மெல்லியது, அடியில் கடும் பாறை. குழிக்குள் விட்ட நீர் கீழே இறங்க வழியில்லாமல் பாறையின் முதுகிலேயே ஓடி, சற்றுத் தள்ளி ஊற்றாக வெளிவரும். 18 மீட்டர் என்பது சமவெளியில் உட்கார்ந்து யோசித்த எண். மலையில் தூரத்தைவிட உயரம்தான் முக்கியம்; மேல்வீட்டுக் குழி கீழ்வீட்டுத் தண்ணீரின் தலைமாட்டில் இருக்கிறது. அங்கே பல குடியிருப்புகளில் ஓடையிலிருந்து ஓஸ் போட்டுத்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். தோட்டத்து லயங்களிலும் ஜீப் மட்டும் போகும் குடியிருப்புகளிலும் கழிவுநீர் லாரி ஏறாது. லாரி ஏறாத இடத்தில் கட்டும் எதையும் செப்டிக் டேங்க் என்று சொல்ல முடியாது, அது எவ்வளவு ஒழுங்காகப் பூசப்பட்டிருந்தாலும். பழங்குடிகளுக்குக் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு ஒன்றின் கழிப்பறையில் விறகு அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். விறகு நனையாமல் இருக்கிறது, அவர்கள் அந்தக் கட்டடத்தைச் சரியாகவே வாசித்திருக்கிறார்கள். இரட்டைக் குழி முறை, ஒன்று நிறைந்ததும் மற்றொன்றுக்கு மாற்றி, முதல் குழியில் இருப்பதை மக்கவைத்து எடுப்பது, இம்மாதிரி இடத்துக்கு ஓரளவு பொருந்தும். தூய்மை இந்தியா திட்டமும் கிராமங்களுக்கு அதைத்தான் பரிந்துரைத்தது. ஆனால் பணம் சேர்ந்தவுடன் மக்கள் கேட்பது ‘டேங்க்’.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டை அலகாக வைக்கும் எந்தக் கணக்கிலும் வராத உடல்கள் உண்டு. விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்பில் அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். அவர்கள் வீடு கணக்கெடுப்பில் ‘டேங்க் உள்ள வீடு’. அவர்கள் பகல் முழுதும் ஏலச்செடிகளுக்கு நடுவில். தோட்டத்தில் கழிப்பறை அமைப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்திருந்தது. பல தோட்டங்களில் ‘ஒதுங்குதல்’ என்ற பழைய சொல்தான் இன்றைக்கும் பொருத்தம்.

பிரெஞ்சு எழுத்தாளர் தொமினிக் லபோர்த் 1978இல் மலத்தின் வரலாறு என்று ஒரு புத்தகம் போட்டார். 1539இல் பிரான்சில் வந்த இரண்டு அரசாணைகளை அவர் சேர்த்து வாசிக்கிறார். ஒன்று நீதிமன்ற ஆவணங்களை லத்தீனில் எழுதாமல் பிரெஞ்சிலேயே எழுதச் சொன்னது. மற்றொன்று பாரிஸ்வாசிகள் கழிவைத் தெருவில் கொட்டாமல் தத்தம் வீட்டுக்குள் குழி வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னது. மொழியைச் சுத்தப்படுத்துவதும் தெருவைச் சுத்தப்படுத்துவதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள், கழிவு தனியுடைமை ஆனதிலிருந்து ‘வீடு’ என்பதே புதிதாகப் பிறக்கிறது என்பது அவர் வாதம். நமக்கு இது பாதிதான் பொருந்தும். அங்கே கழிவு வீட்டுக்காரனின் அந்தரங்கமாயிற்று. இங்கே உடைமை வீட்டுக்காரனுடையது, தொடும் கடமை இன்னொரு சாதியினுடையது. லபோர்த்துக்குச் சாதி தெரியாது. பெருமாள்முருகன் தன் கதைத் தொகுதி ஒன்றுக்கு ‘பீக்கதைகள்’ என்று பெயர் வைத்ததை இலக்கியக்காரர்கள் பலர் அதிர்ச்சி மதிப்புக்கான உத்தி என்று கடந்துபோனதுண்டு. அந்தச் சொல்லை மொழியிலிருந்து அகற்றி வைத்ததும் அந்தக் கசடை அருந்ததியரிடம் அகற்றிக் கொடுத்ததும் தொடர்புடைய செயல்கள் என்று ஏன் தோன்றவில்லை?

சட்டத்தின் மொழியிலும் இதே அடக்கல் நடந்திருக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பிடங்களைத் தடைசெய்தது. டேங்குக்குள் இறங்குகிறவர் அதில் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் உள்ளே கொண்டுவந்தது, அதுவும் ‘அபாயகரமான துப்புரவு’ என்ற பெயரில். பாதுகாப்புக் கருவி இல்லாமல் செய்தால்தான் அது அபாயகரம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சாவுக் கணக்குகளில் தமிழ்நாடு பலமுறை முதலிடத்தில் இருந்திருக்கிறது. புது வீட்டுக்கே உரிய ஒரு சாவும் உண்டு. தொட்டிக்கு மேல்தளம் போட்டு, சில வாரம் மூடிவைத்துவிட்டு, சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவர் இறங்குவார். கழிவு ஒரு சொட்டுக்கூட விழாத தொட்டிதான். ஈரமும் பலகையும் அடைபட்ட காற்றும் சேர்ந்து பிராணவாயு தீர்ந்திருக்கும். அவர் விழுந்ததும் தூக்கப் போன இரண்டாமவரும் விழுவார். இம்மாதிரிச் செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைகளின் உள்பக்கங்களில் அடிக்கடி பார்க்கலாம். இவை கட்டட விபத்தாகப் பதிவாகிப்போவது சுலபம். வரைபடத்தின் அந்தச் சிறு செவ்வகத்துக்குள் இதற்கும் இடமிருக்கிறது.

2014 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மலக்கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. குறள் படித்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த ‘கசடு’ கடைசியில் அரசாணைக்குள் வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதில் உருப்படியான யோசனை இருக்கிறது. கசடு அள்ளும் லாரிகளுக்கு உரிமம் கொடு, எங்கே கொட்டுகிறது என்று பார், அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பு என்கிறது. அதாவது தொட்டியை விட்டுவிட்டு அள்ளுதலைப் பின்தொடரச் சொல்கிறது. புது வீடுகளின் டேங்கை யாராவது உண்மையிலேயே கணக்கெடுக்க விரும்பினால் வழி இதுதான் என்று நினைக்கிறேன். ‘டேங்க் இருக்கிறதா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘கடைசியாக லாரி எப்போது வந்தது, மூடி எங்கே இருக்கிறது, லாரி நிற்கும் இடத்திலிருந்து மூடிவரைக்கும் எத்தனை அடி’ என்று கேட்கலாம். மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஒரு டேப் வேண்டும்.

போடியில் கழிவுநீர் லாரி ஓட்டும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். எந்தத் தெருவில் யார் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். “பழைய தெரு, சின்ன டேங்கு, வாடகைக்கு ஆள் நெறயா இருக்கற வீடு, அங்கிட்டுத்தான் சார் அடிக்கடி போவோம். புதுசா எடுத்திருக்கற ஏரியாவுல ஒருத்தரும் கூப்பிடறதில்ல. கூப்பிட்டாலும் மூடி எங்கன்னு அவங்களுக்கே தெரியாது. போர்டிகோவுல டைல்ஸ் ஒட்டிப்பிடறாங்க. தட்டித் தட்டிப் பாத்துத்தான் ஒடைக்கணும்.”

டைல்ஸை உடைக்கக் கூலி தனி என்றும் சொன்னார்.